அயல்நாட்டு மாணவரும் பண்பாட்டுத் தூதும்: 1891இல் இலண்டன் இதழில் காந்தி எழுதிய கட்டுரைகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

அயல்நாட்டில் கல்வி பயிலச் செல்லும் மாணவர், தம் பண்பாட்டை அந்நாட்டு மக்களுக்கு எடுத்துரைக்கும் தூதராகவும் விளங்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இன்று பரவலாக நிலவுகிறது. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரான்சில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் தன்னார்வ ஊர்தி ஓட்டுநர்களின் அமைப்பாகத் தோன்றிய அமெரிக்கக் களப்பணி அமைப்பு, இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1947 முதல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தில் ஈடுபட்டது. தொண்டு செய்தோரின் அமைப்பே பரிமாற்ற அமைப்பாக மாறியமையால், தொண்டும் பண்பாட்டுப் பகிர்வும் இத்துறையில் தொடக்கத்திலேயே இணைந்துவிட்டன. 2001 செப்டம்பர்த் தாக்குதலை அடுத்து, 2002இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்படுத்திய கென்னடி–லூகர் இளைஞர் பரிமாற்றத் திட்டமும் இவ்விணைப்பைப் பேணுகிறது. மலேசியா உள்ளிட்ட நாடுகளின் மாணவர்கள் அத்திட்டத்தின்வழி அமெரிக்கக் குடும்பங்களில் ஒரு கல்வியாண்டு வரை தங்கிப் பயில்கின்றனர். சமூகத் தொண்டு புரிவதும் தாய்நாட்டைப் பற்றி எடுத்துரைப்பதும் அவர்களிடம் எதிர்பார்க்கப்படுகின்றன.

இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் எண்ணிக்கையாலேயே அளக்கப்படுகின்றன. எத்தனை மணிநேரத் தொண்டு, எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பார்வையாளர் என்னும் கணக்குகள் அறிக்கைகளில் இடம்பெறுகின்றன. மாணவர் தம் பண்பாட்டைப் பற்றி என்ன கூறினார், எதைக் கூறாது விடுத்தார், யாருடைய பண்பாட்டை யாவருடைய பண்பாடாகக் காட்டினார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. ஒரு மாணவர் அயலாரிடம் தம் பண்பாட்டைப் பற்றிப் பேசுவது ஓர் எடுத்துரைப்பு. ஆகவே, ஏனைய எடுத்துரைப்புகளைப் போன்று அதுவும் திறனாய்வுக்கு உரியது என நாம் கருதுகிறோம்.

அத்தகைய திறனாய்வுக்கு ஏற்ற பனுவல் ஒன்று நம்மிடம் உள்ளது. இலண்டனில் சட்டம் பயின்ற மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, தம் இருபத்தோராம் வயதில் 'தி வெஜிடேரியன்' என்னும் வார இதழில் இந்திய உணவு பற்றியும் திருவிழாக்கள் பற்றியும் எழுதிய கட்டுரைகளே அவை. காந்தி இன்றைய பொருளில் பரிமாற்ற மாணவர் அல்லர். அவரை அனுப்பிய திட்டமும் இல்லை. அவருக்கு மாற்றாக இராஜ்கோட்டிற்கு வந்த ஆங்கில மாணவரும் இல்லை. ஆயினும், தொண்டின் வழியே அயலாருக்குத் தம் நாட்டை விளக்க முற்பட்ட மாணவர் என்னும் நிலையில், இன்று நம் மாணவர்கள் எதிர்கொள்ளும் இக்கட்டுகள் யாவும் அவர் எழுத்தில் காணப்படுகின்றன. அவற்றை அவர் எங்குத் திறம்படக் கையாண்டார், எங்குத் தவறினார் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. காலமும் களமும்

காந்தி 1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறினார். கடல் கடப்பதைத் தடுத்த சாதித் தலைவர்கள் அவரைச் சாதிநீக்கம் செய்தனர். புலாலும் மதுவும் தொடுவதில்லை, பெண்களை நாடுவதில்லை எனத் தாயாரிடம் உறுதியளித்திருந்தார். இலண்டனில் தொடக்க மாதங்களில் அவர் பட்ட பசித் துன்பத்தையும், ஆங்கிலக் கனவானாக மாற வேண்டி நடனமும் வயலினும் பேச்சுக்கலையும் பயில முயன்றதையும் 'சத்திய சோதனை' வாசகர் அறிவர். ஃபாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டதும், அங்கு விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த ஹென்றி சால்ட்டின் நூலைப் படித்ததும் அவர் வாழ்வில் திருப்பமாயின. அதுவரை தாய்க்களித்த வாக்காக இருந்த உணவுமுறை, அதன்பின் அவரே தேர்ந்த கொள்கையாயிற்று.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. காந்தி தம் பண்பாட்டை இலண்டனுக்குக் கொண்டு சென்றார் என்பதைவிட, அதன் ஒரு பகுதியை இலண்டனில்தான் கண்டெடுத்தார் என்பதே பொருந்தும். பகவத்கீதையையும் அவர் முதன்முதலில் படித்தது அங்கேதான். இரு ஆங்கிலேய இறையியற் கழகத்தாரின் அழைப்பின்பேரில், எட்வின் ஆர்னல்ட் ஆங்கிலத்தில் செய்த மொழிபெயர்ப்பின்வழிப் படித்தார். அதனைச் சமஸ்கிருதத்திலோ குஜராத்தியிலோ அதற்குமுன் படித்திராமைக்கு நாணியதாக அவரே பதிவு செய்துள்ளார். அயலார் வினவும்போதுதான் தம் பண்பாட்டைப் பற்றிய தம் அறியாமை மாணவருக்குத் தெரியவருகிறது. பண்பாட்டுத் தூது என்பது முன்பே நிறைந்திருக்கும் கலத்திலிருந்து ஊற்றிக் கொடுக்கும் செயலன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இலண்டன் மரக்கறி உணவாளர் சங்கம் 1888இல்தான் தனியமைப்பாகத் தோன்றியது. காந்தி 1890 செப்டம்பரில் அதன் செயற்குழுவில் உறுப்பினரானார். தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் சிறு கழகம் ஒன்றையும் நிறுவினார். 'தி வெஜிடேரியன்' இதழாசிரியர் ஜொசையா ஓல்ட்ஃபீல்ட் தலைவராகவும், எட்வின் ஆர்னல்ட் துணைத்தலைவராகவும், காந்தி செயலாளராகவும் இருந்தனர். அக்கழகம் சில மாதங்களே இயங்கியது. இவை யாவும் ஊதியமற்ற பணிகள். கட்டுரைகள் எழுந்த களமும் இதுவே.

2. கட்டுரைகளின் அமைப்பு

1891 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 'இந்திய மரக்கறி உணவாளர்' என்னும் தொடர் ஆறு பகுதிகளாக வெளிவந்தது. மார்ச் இறுதி முதல் ஏப்ரல் வரை 'சில இந்தியத் திருவிழாக்கள்' மூன்று பகுதிகளாக வெளிவந்தது. மே மாதத்தில் 'இந்தியாவின் உணவுகள்' என்னும் உரை மரக்கறி உணவாளர் கூட்டங்களில் படிக்கப்பட்டு, பின்னர் அச்சாயிற்று. 1958இல் வெளியான காந்தியின் தொகுக்கப்பட்ட படைப்புகளின் முதல் தொகுதியில் இவை இடம்பெற்றுள்ளன.

இக்கட்டுரைகளை ஆய்வாளர் பலர் பிற்காலக் காந்தியின் முன்வரலாறாகவே வாசித்துள்ளனர். எளிய வாழ்வு, உணவுச் சோதனை, இதழியல் ஆகியவற்றின் வித்துகளை இவற்றில் தேடுதல் இயல்பே. ஆனால், அவ்வாறு வாசிக்குங்கால் எழுதியவர் ஒரு மாணவர் என்பது மறைந்துபோகிறது. மகாத்மாவை மறந்து, கூட்டத்தில் எழுந்து பேச அஞ்சிய, ஆங்கில நடையில் இன்னும் முழுத் தேர்ச்சி பெறாத ஓர் இளைஞர் அயலாருக்குத் தம் நாட்டை விளக்க எழுதியவையாகவே இவற்றை ஈண்டு அணுகுகிறோம்.

3. எல்லையை முன்னுரைத்தல்

'இந்தியாவின் உணவுகள்' என்னும் உரையின் தொடக்கம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. இந்தியாவிற்கு ஒருமுறையேனும் செல்லாமலும் இந்திய மொழிகளை அறியாமலும் இருந்த ஜேம்ஸ் மில், 1817இல் வெளியிட்ட இந்திய வரலாற்று நூலின் முன்னுரையில், அந்நூலை எழுதத் தமக்குள்ள தகுதியை நிறுவியிருந்தார். காந்தி அதனை நினைவூட்டி, மில்லின் வழியில் தாமும் தம் தகுதியைக் கூறுவது நன்று எனத் தொடங்குகிறார். தொடங்கியவுடனேயே, இப்பொருளைப் பற்றிப் பேசத் தாம் தக்கவர் அல்லர் என்கிறார். பணிவுரை போலத் தோன்றும் இப்பகுதியில் அடங்கிய எள்ளல் கூர்மையானது. இந்தியாவைக் காணாத ஸ்காட்லாந்தியர் அதைப் பற்றி ஐயமின்றி எழுதினார். அங்குப் பிறந்து வளர்ந்தவரோ தம் அறிவின் எல்லையை முதலில் அறிவிக்கிறார். எவர் கூற்று நம்பத்தக்கது என்னும் வினா கேட்போர் உள்ளத்தில் தானாக எழும்.

அடுத்து, தாம் கூறுவன பெரிதும் பம்பாய் மாநிலத்திற்கே பொருந்தும் என வரையறுக்கிறார். இந்தியா இருபத்தெட்டரைக் கோடி மக்கள் வாழும் பெருநிலம். இரஷ்யா நீங்கலான ஐரோப்பா அளவு பரந்தது. ஆகவே, பின்னர் எவரேனும் வேறுவிதமாகக் கூறக் கேட்டால் இதனை நினைவில் கொள்ளுங்கள் எனக் கேட்டுக்கொள்கிறார். இந்தியர் அனைவரும் மரக்கறி உணவினர் என்னும் நம்பிக்கையும் உண்மையன்று என்கிறார். அவையினர் மரக்கறி உணவுக் கொள்கையர். இந்தியாவைத் தம் கொள்கைக்குச் சான்றாகக் காண விரும்பியோர். அவர்கள் முன்னிலையில் இவ்வாறு கூறுவதற்கு நேர்மை வேண்டும்.

இவ்வரையறை தமிழ் வாசகருக்குக் கூடுதல் பொருளுடையது. அவர் விளக்கும் அன்றாட உணவில் சப்பாத்தியே முதன்மை பெறுகிறது. இட்டலியும் சாம்பாரும் மீன்குழம்பும் அவ்வுலகில் இல்லை. ஆனால், அவை இல்லையென நாம் குறைகூற இயலாதவாறு அவர் தம் எல்லையை முன்பே வரைந்துவிட்டார். 'இந்தியப் பண்பாடு' எனவோ 'தமிழர் பண்பாடு' எனவோ ஒரே சொல்லால் குறித்துவிட்டு, தம் ஊர் வழக்கை அனைவர் வழக்காக உரைக்கும் பழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. அவ்வழக்கத்தோடு ஒப்பிட, 1891ஆம் ஆண்டு மாணவரின் ஒரு பத்தி ஆய்வு நெறியில் முந்தி நிற்கிறது.

4. ஒப்புமையின் பயனும் இழப்பும்

திருவிழாக் கட்டுரைகளில் வேறொரு சிக்கல் எழுகிறது. அவை ஈஸ்டர் காலத்தில் வெளிவந்தவை. ஈஸ்டரை ஒட்டி வரும் இந்தியத் திருவிழா ஹோலி. ஆனால், அதனோடு தொடர்புடைய வருந்தத்தக்க நினைவுகளாலும், அது தலையாய திருவிழா அன்மையாலும், தீபாவளியை முதலில் விளக்கப் போவதாகக் காந்தி கூறுகிறார். தீபாவளியை இந்துக்களின் கிறிஸ்துமஸ் எனலாம் என்கிறார். வீடுகளைத் தூய்மை செய்தல், இனிப்புகள் செய்தல், பழைய கடன்களைத் தீர்த்தல், திருமகள் வழிபாடு, புதிய கணக்கேடு தொடங்குதல் என அவர் விவரிப்பு விரிகிறது.

கிறிஸ்துமஸ் என்னும் ஒப்புமை கேட்போருக்கு வாயிலைத் திறக்கிறது. குடும்பம் கூடுதல், விருந்து, சிறுவர் மகிழ்ச்சி ஆகியவை உடனே விளங்குகின்றன. அதே ஒப்புமை சிலவற்றை மறைக்கவும் செய்கிறது. காந்தி விளக்கும் தீபாவளி மேற்கிந்திய வணிகக் குடும்பத்தின் தீபாவளி. அங்கு அது ஆண்டின் இறுதி, மறுநாள் புத்தாண்டு. கணக்கேட்டு வழிபாடு அவ்விழாவின் மையம். கிறிஸ்துமஸ் என்னும் சொல் இம்மையத்தைக் காட்டாது. கங்கா குளியல் எனக் கூறி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து நீராடும் தமிழர் தீபாவளிக்கோ ஆண்டிறுதியோடு தொடர்பில்லை. நரகாசுரன் கதையே அதற்கு அடிப்படை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தீபாவளியை 'இந்தியர்களின் புத்தாண்டு' எனப் பிற இனத்தார் சிலர் கருதுவதைத் தமிழாசிரியர்கள் கேட்டிருக்கக்கூடும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் ஆகியவற்றோடு ஒப்புமை தேடியதன் விளைவு இது. ஒப்புமையைத் தொடக்கத்திற்குப் பயன்படுத்தலாம். அதனோடு நின்றுவிட்டால், கேட்பவர் தாம் முன்பே அறிந்ததையே மீண்டும் அறிந்துகொண்டு செல்வார்.

காந்தி ஒப்புமையோடு நின்றுவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். தொடரின் இறுதியில் ஹோலிக்கு வருகிறார். அவ்விழாவில் நிகழும் நாகரிகமற்ற பேச்சையும் நடத்தையையும் மறைக்காமல் குறிப்பிடுகிறார். எனினும், அவ்விழா யாருக்கு விடுதலை உணர்வைத் தருகிறது, ஏன் அவ்வாறு கொண்டாடப்படுகிறது என்னும் வினாக்கள் எழவில்லை. கல்வி கற்ற இந்தியரின் கூச்சமே அங்குப் பேசுகிறது. அயலார் பார்வையில் தம் மரபைக் காணும் மாணவருக்கு இக்கூச்சம் இயல்பாக வரும். அதை வெளிப்படையாகக் கூறியது அவர் நேர்மை. அதைக் கடந்து ஆராயாதது அவர் குறை.

5. வறுமையும் கொள்கையும்

ஆறு பகுதித் தொடரில் நாம் மிக உயர்வாக மதிப்பது உணவையும் வறுமையையும் இணைத்துக் கூறும் பகுதியாகும். கோட்பாட்டளவில் இன்னின்ன வருணத்தார் புலால் உண்ணாதவர் எனக் கூறும் காந்தி, நடைமுறையில் ஏறக்குறைய இந்தியர் அனைவரும் மரக்கறி உணவினரே என்கிறார். உடனே ஒரு வேறுபாட்டை வரைகிறார்: சிலர் விரும்பி அவ்வாறு உண்கின்றனர், ஏனையோர் புலால் வாங்க வழியின்மையால் அவ்வாறு உண்கின்றனர். நாளொன்றுக்கு ஒரு பைசாவில், ஆங்கிலப் பென்னியில் மூன்றில் ஒரு பங்கில், பலர் வாழ்கின்றனர் எனவும், அவர்களுக்கு ரொட்டியும் உப்புமே உணவு எனவும், அவ்வுப்பும் கடும் வரிக்கு உட்பட்டது எனவும் எழுதுகிறார்.

இப்பகுதியை 1930ஆம் ஆண்டு உப்பு அறப்போரோடு இணைத்துப் படித்தல் எளிது. ஆயினும், அது எழுதப்பட்ட இடத்தை நோக்கினால் வேறொரு சிறப்புப் புலனாகும். மரக்கறி உணவைப் போற்றும் இதழ், இந்தியாவை முன்மாதிரி நாடாகக் காட்டும் கட்டுரையை வரவேற்றிருக்கும். அந்த முன்மாதிரியின் ஒரு பகுதி பட்டினியால் விளைந்தது என்பதை அதே இதழில் எழுதுவது, விருந்தளித்தவர் விரும்பாததை அவர் வீட்டிலேயே கூறுவதற்கு ஒப்பாகும். ஆங்கிலேய ஆட்சியில் மது இறக்குமதியானதையும் அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். தம் சமூகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. இந்துக்களின் உடல்வலிமைக் குறைவுக்கு உணவு காரணமன்று, குழந்தை மணமே காரணம் என வாதிடுகிறார். அவ்வாதத்தின் மருத்துவ அடிப்படை ஐயத்திற்குரியது. ஆனால், அயலார் முன் தம் சமூகத்தின் தீய வழக்கத்தை ஒளிக்காமை மதிக்கத்தக்கது.

குறைகளும் இத்தொடரிலேயே உள்ளன. சாதி இங்கு உணவுப் பகுப்பாகவே அறிமுகமாகிறது. எவர் எதை உண்பர் என்னும் ஒழுங்கான பட்டியலாக அது தோன்றுகிறது. சாதிநீக்கம் செய்யப்பட்டவராகவே இலண்டனில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து, சாதி எவ்வாறு மனிதரை விலக்குகிறது என்னும் விளக்கத்தை நாம் எதிர்பார்க்கலாம். அது போதிய அளவில் கிடைக்கவில்லை. அவ்வாறே, மரக்கறி உணவின் வலிமைக்குச் சான்றாக அவர் வரையும் இடையரின் வாழ்க்கைச் சித்திரம் அளவுகடந்து இனிமையானது. விடியலில் எழுந்து, திறந்தவெளியில் ஆநிரை மேய்த்து, எளிய உணவுண்டு, நோயின்றி வாழும் அவ்விடையர் ஒரு மனிதராக அன்றி ஒரு வாதத்தின் உறுப்பாகவே நிற்கிறார். மழை பொய்த்த ஆண்டில் அவர் என் செய்வார் என்னும் வினாவிற்கு அக்கட்டுரையில் இடமில்லை. கொள்கைக்குச் சான்று தேடும்போது மனிதர் சுருங்கிவிடுவர் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

மொழி பற்றிய ஒரு குறிப்பும் இங்குத் தேவை. புலால் இல்லாத உணவைத் தமிழர் 'சைவம்' என்கிறோம். சமயப் பெயரே உணவின் பெயராகிவிட்டமையால், வறுமையால் புலால் உண்ணாதவரைச் 'சைவ உணவினர்' எனத் தமிழில் கூறுவது பொருந்தா ஒலியுடையதாகிறது. காந்தி வரைந்த வேறுபாட்டை நம் வகுப்பறையில் விளக்க விரும்பும் ஆசிரியர், முதலில் இச்சொல்லையே விளக்க வேண்டியிருக்கும்.

6. தொண்டும் காட்சியும்

இக்கட்டுரைகளின் வலிமை எங்கிருந்து பிறந்தது? காந்தியின் எழுத்துத் திறனிலிருந்து என்று கூற இயலாது. அவர் நடை அக்காலத்தில் எளியதே. அவர் நின்ற இடத்திலிருந்தே அது பிறந்தது என்பது நம் கருத்து. அவர் இலண்டன் மேடையில் காட்சிப்பொருளாக நிற்கவில்லை. அச்சங்கத்தின் செயற்குழு உறுப்பினராகவும் பேஸ்வாட்டர் கழகத்தின் செயலாளராகவும் இருந்தார். அவர் உழைத்தது தம் புரவலரின் பணியில் அன்று. தமக்கும் அவர்களுக்கும் பொதுவான பணியில். பொதுப்பணி இருந்தமையால், இந்தியாவைப் பற்றிய பேச்சு வேடிக்கைக் கதையாகாமல் வாதத்திற்குரிய செய்தியாயிற்று.

கருத்து வேறுபடும் உரிமையும் இதனால் கிட்டியது. கருத்தடை முறைகளை ஆதரித்த மருத்துவர் அல்லின்சனைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்னும் முன்மொழிவு செயற்குழுவில் எழுந்தபோது, காந்தி அதனை எதிர்த்தார். அல்லின்சனின் கருத்தோடு அவருக்கு உடன்பாடில்லை. ஆயினும், மரக்கறி உணவைப் பரப்ப அமைந்த சங்கம் ஒருவரின் பிற கருத்துகளுக்காக அவரை விலக்குதல் முறையன்று எனக் கருதினார். பேச அஞ்சி எழுதிச் சென்றார். எழுதியதைப் பிறர் படித்தார். முடிவில் அல்லின்சன் தரப்புத் தோற்றது. பண்பாட்டு விருந்தினருக்கு இத்தகைய தோல்வி வாய்க்காது; உறுப்பினருக்கே வாய்க்கும்.

இலீலா காந்தி 2006இல் வெளியிட்ட 'அஃபெக்டிவ் கம்யூனிட்டீஸ்' என்னும் நூலில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மரக்கறி உணவாளர் போன்ற விளிம்புநிலைக் குழுவினர், பேரரசின் எல்லையைத் தாண்டிக் குடியேற்ற நாட்டாரோடு கொண்ட நட்பை ஏகாதிபத்திய எதிர்ப்பின் ஒரு வடிவமாக விளக்குகிறார். இவ்விளக்கம் பெரிதும் ஏற்கத்தக்கது. ஆயினும், அந்நட்புக்கு ஒரு விலையும் இருந்தது என்பதைச் சேர்க்க விரும்புகிறோம். உணவு என்னும் ஒரு வாயிலின் வழியாகவே இந்தியா அவ்வரங்கில் நுழைந்தது. உப்பு வரி உணவோடு ஒட்டி வந்தமையால் இடம்பெற்றது. உணவோடு ஒட்டாத துன்பங்களுக்கு அங்கு இடம் குறைவு. தொண்டு மாணவருக்குக் குரல் தருகிறது. எதைப் பற்றிப் பேசலாம் என்பதையும் அதுவே வரையறுக்கிறது.

'இந்தியாவின் உணவுகள்' உரையின் முடிவில், இரு நாட்டாரின் உணவு வேறுபாடு நீங்கும்போது, ஒத்துணர்வைக் கெடுக்கும் பிற வேறுபாடுகளும் நீங்கும் எனக் காந்தி நம்பிக்கை தெரிவிக்கிறார். வழக்கத்தில் ஒருமை வந்தால் உள்ளத்தில் ஒருமை வரும் என்பது அதன் சாரம். ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலுள்ள வேறுபாடு உணவால் நீங்காது என்பதைத் தென்னாப்பிரிக்கா அவருக்குக் கற்பித்தது. 1903இல் அவர் முயற்சியால் அங்குத் தொடங்கிய 'இந்தியன் ஒபீனியன்' இதழ், ஆங்கிலம், குஜராத்தி, இந்தி ஆகியவற்றோடு தமிழிலும் வெளிவந்தது. இலண்டனில் ஆங்கிலேயருக்கு இந்தியரை விளக்கியவர், அங்கு இந்தியரோடு அவர்தம் மொழிகளில் பேசும் இதழுக்குத் துணைநின்றார். 1891இன் அவ்விருப்பத்தை நாம் எள்ளற்க. ஆனால், இன்றும் பண்பாட்டு நாள்களின் வரவேற்புரைகளில் அதே நம்பிக்கை மாற்றமின்றி ஒலிப்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

7. நம் மாணவர்களும் நாமும்

இவ்வாய்வு நம் சூழலுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை விளக்க, நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுதல் தகும். நாம் அயல்நாட்டில் முனைவர்ப்பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், அந்நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றிற்குப் பொங்கல் விழாவைப் பற்றிப் பேசச் சென்றோம். மரபுடை அணிந்துவருமாறும் ஓர் இனிப்புக் கொண்டுவருமாறும் கேட்டிருந்தனர். வயல், உழவர், காளை, புதுநெல், பொங்கும் பானை எனப் படங்களைக் காட்டி விளக்கினோம். இறுதியில் ஒரு சிறுவன், உங்கள் வயல் எவ்வளவு பெரியது என்று கேட்டான். எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. எம் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நெல் விளைவித்தவர் எவருமிலர். பாட்டனார் பால்மரம் வெட்டியவர். பாட்டி பொங்கல் வைத்தது தோட்டத்து லயத்தின் முன்னால். அரிசி தோட்டத்துக் கடையில் கடனுக்கு வாங்கியது. அதைப் பற்றி நாம் ஒரு சொல்லும் கூறியிருக்கவில்லை. பாடநூலில் கண்ட பொங்கலை எம் பொங்கலாகக் கூறிவிட்டு வந்தோம்.

அன்று நமக்கு நேர்ந்தது தனியொருவர் பிழையன்று. நம் மாணவர்களுக்கு நாம் கற்பிக்கும் பண்பாடு பெரும்பாலும் இத்தகையது. அது பழமையானது, மாசற்றது, எவ்விடத்திற்கும் உரியதாகத் தோன்றுவது. அதில் இரப்பர்த் தோட்டமும் இல்லை. அடுக்குமாடி வீட்டில் மின்னடுப்பில் பொங்கும் பானையும் இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரர், சீனர் ஆகியோருக்குப் பகிர்ந்தளித்த பலகாரமும் இல்லை. இத்தகைய பண்பாட்டைச் சுமந்து அயல்நாடு செல்லும் மாணவர், கேட்பவரின் முதல் வினாவிலேயே தடுமாறுவர். தடுமாறாதவர் நிலை அதனினும் வருந்தத்தக்கது. தம் வாழ்வுக்கும் தம் பேச்சுக்கும் உள்ள இடைவெளியை அவர் உணராமலேயே போய்விடுவார்.

காந்தியின் கட்டுரைகளிலிருந்து ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க நெறிகள் மூன்று. முதலாவது, மாணவர் தாம் எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்த வழக்கத்திலிருந்து பேசுகிறார் என்பதை முதலில் கூறப் பழக வேண்டும். இரண்டாவது, ஒப்புமை காட்டியபின், அவ்வொப்புமை எங்குப் பொருந்தாது என்பதையும் காட்ட வேண்டும். மூன்றாவது, காட்சி நிகழ்ச்சிகளைக் குறைத்து, அவ்வூராரோடு தொடர்ந்து உழைக்கும் பணி ஒன்றில் மாணவரை ஈடுபடுத்த வேண்டும். முதியோர் இல்லத்திலோ நூலகத்திலோ ஓராண்டு பணிபுரியும் மாணவரிடம் எழும் வினாக்கள், ஒருநாள் மேடையில் எழும் வினாக்களினும் ஆழமானவை. அவர் தரும் விடைகளும் அத்தகையனவே.

இந்நெறிகள் நம் நாட்டிற்கு வரும் அயல்நாட்டு மாணவர்க்கும் பொருந்தும். நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு அவர்களை அழைத்து, உடை உடுத்தி ஆடச் செய்து கைதட்டி அனுப்புகிறோம். அவர்தம் ஊரில் வறியவர் என்ன உண்பர் என நம் மாணவர் எவரேனும் கேட்டால், அதனை மரியாதைக் குறைவாகக் கருதாமல் நல்ல வினாவாகக் கொள்ளுதல் நன்று.

முடிவுரை

காந்தியின் இலண்டன் கட்டுரைகள் குறையற்றவை அல்ல. சாதியை அவை எளிமைப்படுத்துகின்றன. இடையர் வாழ்வை அழகுபடுத்துகின்றன. உணவின் ஒருமையிலிருந்து உள்ளத்தின் ஒருமையை விரைந்து எதிர்பார்க்கின்றன. ஆயினும், தம் அறிவின் எல்லையை முன்னுரைத்தல், தம் நாட்டின் வறுமையை மறைக்காமை, விருந்தோம்பியவரின் விருப்பத்திற்கேற்ப உண்மையை வளைக்காமை ஆகிய மூன்றிலும் அவை உயர்ந்து நிற்கின்றன. இம்மூன்றும் அவர் மகாத்மாவானபின் பெற்றவை அல்ல. கூட்டத்தில் வாய்திறக்க அஞ்சிய மாணவரிடமே இருந்தவை. ஆகவே, நம் மாணவர்களிடம் அவற்றை எதிர்பார்ப்பது மிகையாகாது. அதற்குமுன், அவர்களை அனுப்பும் நாம், நம் வீட்டுப் பானையில் உண்மையில் என்ன பொங்குகிறது என்பதைச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும்.